இருட்டுக்கடை அல்வா... பெயர் யாருக்குச் சொந்தம்?

திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில் அருகே, மாலையில் திறந்ததுமே கூட்டம் முண்டியடிக்கும் அல்வா கடை அது. மங்கிய வெளிச்சத்தில் வியாபாரம் நடந்ததால் மக்களே 'இருட்டுக்கடை' என்று கூப்பிட, அதுவே பெயராகிவிட்டது. அந்தப் பெயருக்கான சண்டை உச்ச நீதிமன்றம் வரை போய், 2015-ல்தான் முடிந்தது.

'திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா' என்ற பெயரில் இன்னொருவர் விற்றார். சும்மா இல்லை, டிரேட்மார்க் பதிவே அவர் கையில் இருந்தது. பழைய கடையிடமும் பதிவு இருந்தது. பதிவு வைத்திருக்கும் இருவரில் ஒருவர் மற்றவர்மீது 'டிரேட்மார்க் மீறல்' வழக்குப் போட முடியாது. ஆனால், 'என் பொருள் என்று நம்பவைத்து அவர் பொருளை விற்கிறார்' என்று வழக்குப் போடலாம். 'பாஸிங் ஆஃப்' என்பார்கள். முதலில் பயன்படுத்தியவரின் உரிமைதான் பெரிது என்று சொன்ன நீதிமன்றம், பழைய கடையின் பக்கம் நின்றது.

அப்படியானால் பதிவே வேண்டாமா? அங்கேதான் சிக்கல். பாஸிங் ஆஃப் வழக்கில் நல்ல பெயர் சம்பாதித்ததையும், வாடிக்கையாளர் குழம்புவதையும் நிரூபிக்க வேண்டும். தலைமுறைகளைத் தாண்டிய கடைக்கு அது முடியும். போன வருடம் வாட்ஸ்அப்பில் ஊறுகாய் விற்கத் தொடங்கிய பெண்ணுக்கு? அவருக்குப் பதிவுச் சான்றுதான் பலம்.

ஜி.எஸ்.டி எண்ணோ, உணவுப் பாதுகாப்பு உரிமமோ இருந்தால் பெயரும் தன்னுடையது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. கம்பெனியாகப் பதிவு செய்தாலும் டிரேட்மார்க் உரிமை தானாக வராது.

பெயரை வேறு யாராவது பதிந்திருக்கிறார்களா என்று டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே தேடலாம். ஆன்லைனில் விண்ணப்பிக்க, தனிநபர்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. மொத்தம் 45 வகுப்புகள். ஊறுகாய் 29-ல் வரும், முறுக்கு 30-ல். இரண்டும் விற்றால் இரண்டு கட்டணம்! 'சுவையான முறுக்கு' மாதிரி பொருளை வர்ணிக்கும் பெயர் என்றால் பெரும்பாலும் நிராகரிப்புதான்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டு இதழில் வெளியானதும், எதிர்ப்புத் தெரிவிக்க மற்றவர்களுக்கு நான்கு மாதம் அவகாசம். பதிவு 10 ஆண்டுகள் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். வட்டத்துக்குள் 'ஆர்' போடுவது பதிவு கிடைத்த பிறகுதான்; அதற்கு முன் போட்டால் சட்டப்படி தவறு. 'டி.எம்' போடத் தடையில்லை.

முதல் பில், முதல் பாக்கெட் கவர், முதல் விளம்பரம் இவற்றைத் தேதியோடு பத்திரப்படுத்துவதற்கு மட்டும் காசே செலவில்லை.