கம்பியுள்ள மணியா, கம்பியில்லா மணியா?

நம்மிடம் முன்னர்ப் பயின்ற மாணவரொருவர் சென்ற வாரம் நம்மைக் காண வந்தார். பகலில் அவருடைய தாயார் வீட்டில் தனித்திருக்கிறார். அண்மையில் அயல்வீட்டிற் களவு நிகழ்ந்திருக்கிறது. கையிலுள்ள பணமோ சிறிது. எச்சரிக்கை மணி பூட்டுவதாயின் கம்பியுள்ளதா, கம்பியில்லாததா நன்று என்று வினவினார்.

இரண்டிலும் கதவோரத்துக் காந்தமே காவலாள். கதவு திறந்து காந்தம் விலகியதும் மணி ஒலிக்கும். 1853ஆம் ஆண்டில் அமெரிக்கரான அகஸ்டஸ் போப் உரிமம் பெற்ற மின்மணியும் கதவு திறந்தால் ஒலிப்பதே.

கம்பியுள்ளதிற் சுவரைக் கொத்திக் கம்பி பதிக்கும் கூலியே பெருஞ்செலவு. ஆதலால் வீடு கட்டுவோர் சுவர் பூசுமுன் கம்பியைப் பதித்துவிடுதல் இலாபம். மின்தடை வேளைக்கு ஒரு சேமக்கலமும் வேண்டும். கம்பியில்லாததை நாமே பூட்டலாம். வீடு மாறும்போது கழற்றிக் கொண்டு செல்லலாம். ஆனால், கதவிலுள்ள மின்கலம் தீர்ந்தாற் காவலும் தீர்ந்தது.

மாணவர் இருப்பது வாடகை வீடு. ஆகவே கம்பியில்லாததையே வாங்குமாறு கூறினோம். முதலில் முன்கதவுக்கும் குசினிக் கதவுக்கும் போதும்; மாதமொருமுறை திறந்து சோதித்தல் வேண்டும்.

மணி கள்வனைப் பிடிக்காது. பிறரை அழைக்கும், அவ்வளவே. ஒலி கேட்டதும் ஓடிவருமாறு அயலவரிடம் முன்னரே சொல்லிவைத்தற்குச் செலவேதுமில்லை. தனித்திருக்கும் தாயாருக்கு அதுவே பெருந்துணை.