உடம்பே பார்த்துக்கும்னு சொல்றவங்களுக்கு...

வாட்ஸ்அப்புல மறுபடியும் வந்துடுச்சு. பிபி ஒரு நோயே இல்லையாம், உடம்பு தானே சரி பண்ணிக்குமாம், மாத்திரைக்குப் பழகிட்டா விடமுடியாதாம். அனுப்பினவர் நல்லாப் படிச்சவர். அதான் கடுப்பே.

இதே வசனத்தைத்தான் உத்திரமேரூர்ல எங்க சித்தப்பாவும் சொன்னார். 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்துல மாத்திரை வீட்டுக்கே வந்துச்சு. "இப்பதான் நார்மலா இருக்கேப்பா"ன்னு வாங்கி வாங்கி ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு வெச்சார். ஒருநாள் காலையில வாய் கோணி, வலது கை தொங்கிப்போச்சு. செங்கல்பட்டுக்குத் தூக்கிட்டு ஓடினோம். இன்னிக்கும் சித்திதான் சோறு ஊட்டுறாங்க.

சரி, உடம்பு தானே சரி பண்ணிக்காதா? பண்ணிக்கும் சாமி! நீங்க பாயிலேர்ந்து எழுந்து நின்னா அரை லிட்டர் ரத்தம் கால் பக்கம் இறங்குது. கழுத்துத் தமனியிலயும் இதயத்துக்கு மேல இருக்கற மகாதமனி வளைவிலயும் உள்ள உணர்விகள் உடனே முகுளத்துக்குச் சேதி சொல்லுது. இதயம் வேகமாத் துடிக்கும், குழாய்கள் சுருங்கும். சில நொடியில எல்லாம் சரி. அதுக்கப்புறம் சிறுநீரகம், உப்பையும் தண்ணியையும் எவ்வளவு வெச்சுக்கறது, எவ்வளவு வெளியேத்தறதுன்னு கணக்குப் பார்க்கும்.

ஆனா அழுத்தம் சில நாள் தொடர்ந்து ஏறியே இருந்தா, அந்த உணர்விகள் அதையே நார்மல்னு எடுத்துக்கும். சிறுநீரகமும் அந்த உயரத்துக்கே கணக்கை மாத்திக்கும். அப்புறம் 160-ஐ 160-லயே கட்டிக்காப்பாத்தும்!

எங்க ஊர்க்காரனுக்கு ஏரியை வெச்சுச் சொன்னாப் புரியும். பராந்தக சோழன் காலத்துலயே ஏரி வாரியம் வெச்சிருந்த ஊராச்சே. கலங்கல் மேல மணல் மூட்டை அடுக்கிட்டா என்ன ஆகும்? அந்த உயரத்தைத் தாண்டினாத்தான் தண்ணி வழியும். கலங்கல் அதோட வேலையை ஒழுங்காத்தான் செய்யுது. ஆனா கரை அரிக்கறது அதுக்குத் தெரியாது.

ஆக, உடம்பு பழகினது மாத்திரைக்கு இல்ல மக்களே, ப்ரெஷருக்கு. தலைவலி, மயக்கம் எதுவும் இல்லையேன்னு நீங்க தைரியமா இருக்கறதுக்கும் அந்தப் பழக்கம்தான் காரணம். அம்லோடிபின் மாதிரி மாத்திரை குழாயைத் தளர்த்தி வெச்சிருக்கறதாலதான் கருவியில நார்மல்னு காட்டுது. நிறுத்தினா பழைய இடத்துக்கே ஏறும்.

உப்பைக் குறைங்க, நடங்க, நான் வேணாம்னு சொல்லலை. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ளன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நம்ம ஊர்ல ஊறுகாய், அப்பளம், கருவாட்டுலயே அது தாண்டிடும். மாத்திரையைக் குறைக்கலாமான்னு டாக்டரைக் கேளுங்க. ஃபார்வர்டு அனுப்பறவனைக் கேக்காதீங்க. அவன் வந்து சோறு ஊட்ட மாட்டான்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்து பார்த்தவன். அவ்வளவுதான்.