தோண்டின மண் துளிர்க்குமா?

வீடு கட்டுகிறவர்கள் சிமெண்டு விலையைப் பற்றிப் பேசுவார்கள். கம்பி விலையைப் பற்றிப் பேசுவார்கள். மேஸ்திரி வருகிறேன் வருகிறேன் என்று வராமல் போனதைத் தொடர்கதையாகவே சொல்வார்கள். செங்கல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் மட்டும், "லாரியில் வந்தது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். லாரிக்கு முன்னால் எங்கே இருந்ததாம்?

இந்த வாரம் அந்தக் கேள்வியின் பின்னாலேயே கம்பம் வரைக்கும் போய்வரலாம், வாருங்கள்.

மேற்கே குமுளி மலை, கிழக்கே மேகமலை, நடுவே முல்லைப் பெரியாறு. 1895-ல் பெரியாற்று அணையின் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் இறங்கியதிலிருந்து, லோயர் காம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரையில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. உங்கள் வீட்டுக்கு வரும் பன்னீர்த் திராட்சையும் இந்த ஊர்ச் சரக்குதான். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்துவிட்டது. ஆற்றை விட்டு மலைப் பக்கம் ஏற ஏற, வயல் போய் மேட்டு நிலம் வரும். மேலே செம்மண், அதற்குக் கீழே பிசுபிசுக்கும் களி. செங்கல்காரருக்கு வேண்டியது அந்தக் களிதான்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போமா? பயப்படாதீர்கள், பால் கணக்கு மாதிரிதான். 1,000 சதுர அடி வீட்டுக்குச் சுமாராக 20,000 செங்கல் பிடிக்கும். ஒரு கல் 3 கிலோ என்று வைத்துக்கொண்டால் 60 டன். இவ்வளவு மண் வேண்டுமானால் மூன்று சென்ட் நிலத்துக்கு மேல் ஓர் அடி ஆழத்துக்கு வெட்டி எடுக்கவேண்டும். உங்கள் வீட்டுக்கு ஒரு மனை நீங்கள் வாங்கியது. இன்னொரு மனை, எங்கோ முகம் தெரியாத ஒருவருடைய நிலத்தில், உங்களுக்காகப் பள்ளமாகியிருக்கிறது!

வெட்டி எடுத்த பிறகு அங்கே என்ன மிச்சம்? மண்தானே, இன்னும் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் மண்ணெல்லாம் ஒன்றல்ல. தயிரில் ஏடு போல நிலத்துக்கும் ஓர் ஏடு உண்டு. மக்கிய இலை, வேர், மண்புழு, கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி உயிர்கள் எல்லாம் மேலே உள்ள அரை அடி, ஓரடியில்தான் குடித்தனம் செய்கின்றன. அந்த ஏடு ஒரு விரற்கடை கனம் சேர்வதற்கு நூற்றுக்கணக்கான வருஷங்கள் ஆகும். மண்வாரி இயந்திரத்துக்கோ ஒரு காலைப்பொழுது போதும்.

ஏடு போனபின் வெயிலுக்கு முகம் காட்டுவது அடிமண். களியின் ஒரு துகள் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குகூட இராது. அத்தனை நுண்ணிய துகள்கள் நெருங்கி உட்கார்ந்தால் நடுவே காற்றுக்கு ஏது வழி? மேலே லாரிகள் ஓடி மிதித்திருந்தால் சொல்லவே வேண்டாம். மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் சரிவில் வழிந்து ஓடும். ஓடும்போது இன்னும் கொஞ்சம் மண்ணையும் கூட்டிக்கொண்டு போகும். வெயில் அடித்தால் பாளம் பாளமாக வெடித்து, விதையின் பிஞ்சு வேரை அறுக்கும்.

"அதே களிமண் வயலில் நெல்லாய்க் கொட்டுகிறதே?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. நெல்லுக்குத் தண்ணீர் நிற்கவேண்டும். அதற்காகவே சேறாக உழுது, மிதித்து, நீர் இறங்காமல் செய்கிறோம். மேட்டு நிலத்துச் சோளத்துக்கும் மொச்சைக்கும் திராட்சைக்கும் அது ஆகாது. அவற்றின் வேர் மூச்சு விடவேண்டும். கால் நனையலாம், கால் ஊறக்கூடாது. பள்ளத்தில் மகாலட்சுமியாக இருக்கும் களி, மேட்டில் மூதேவியாவது இதனால்தான்.

வெட்டிவிட்ட ஒரு காட்டின் ஓரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டி ஒருத்தியிடம், இதில் இனி வெள்ளாமை வருமா என்று கேட்டேன். "தோலை உரிச்சுப்பிட்டு ஒடம்பு எப்படி இருக்குன்னு கேக்குறியேப்பா!" என்றாள். நான் இத்தனை பாராவில் சொன்னதை அவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள்.

ஆனால் உரிந்த தோல் வளரவே வளராதா? அதற்கும் நம் நாட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது, பெரிய அளவில். நெய்வேலியில் 1956-ல் நிலக்கரி நிறுவனம் தொடங்கி, 1961-ல் பழுப்பு நிலக்கரியை எட்டினார்கள். ஒரு டன் கரி எடுப்பதற்கு ஐந்து கன மீட்டருக்கு மேல் மண்ணை அள்ளிப் போடவேண்டும். மணலும் களியும் குழம்பிய அந்த மண்ணில் தொடக்கத்தில் புல்கூடச் சரியாக முளைக்காது. அதையே பள்ளத்தில் திரும்ப நிரப்பி, சமன் செய்து, தொழு உரமும் பசுந்தாள் உரமும் இட்டு, மரம் வைத்தார்கள், பழத்தோட்டம் போட்டார்கள், நெல்லும் விளைத்துப் பார்த்தார்கள். இதனால் நிலம் கொடுத்த குடும்பங்களின் வருத்தம் தீர்ந்துவிட்டதென்று நான் சொல்லவில்லை. அது வேறு கணக்கு. மண் செத்தே போவதில்லை, மனசு வைத்துச் செலவும் செய்தால் எழுந்து உட்காரும் என்பது மட்டும் நிச்சயம்.

எல்லாவற்றையும்விடச் சுலபமான வைத்தியம், நோய் வருமுன் செய்வது. மேல்மண்ணை முதலில் தனியாக வழித்து ஓரமாகக் குவித்துவைத்து, வேலை முடிந்ததும் திரும்பப் பரப்பிவிட வேண்டும். அமெரிக்காவில் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு 1977-லேயே இதைச் சட்டமாக்கிவிட்டார்கள். ஏட்டைத் தனியே எடுத்துவைப்பது நம் வீட்டுப் பெண்களுக்குப் புதிதா என்ன?

முன்னமே பாழாகிவிட்ட நிலத்துக்கும் வழி உண்டு. ஈரம் சொதசொதவென்று இருக்கும்போது ஏர் வைக்காமல், காய்வாட்டமாக இருக்கையில் ஆழ உழுது இறுக்கத்தை உடைக்கவேண்டும். சரிவுக்குக் குறுக்கே வரப்புப் போடவேண்டும். முதல் மழையில் சணப்பையோ கொளுஞ்சியோ விதைத்து, பூக்கும் சமயத்தில் அப்படியே மடக்கி உழவேண்டும். காற்றிலுள்ள தழைச்சத்தை வேரில் பிடித்து வைக்கும் செடிகள் இவை. ஓரங்களில் புங்கும் வேம்பும் நிற்கட்டும். களியை எடுத்தபின் மணலும் சரளையுமாக நிற்கும் இடமானால், பழைய வழக்கப்படி கண்மாய்க் கரம்பையைக் கொண்டுவந்து கொட்டலாம். விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளரும் ஏரி, கண்மாய்களிலிருந்து கட்டணமில்லாமல் வண்டல் எடுக்கத் தமிழக அரசு அனுமதி கொடுக்கிறது. 2024 முதல் தாசில்தாரிடமே அந்த அனுமதியைப் பெறலாம். கண்மாயும் ஆழமாகும், காடும் கொழுக்கும்.

இனி உங்கள் மாடித் தொட்டிக்கு வருவோம். வாங்கிய மண் எப்படிப்பட்டது என்று தெரியவில்லையா? கண்ணாடி ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, நீர் நிரப்பி, ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்துக் குலுக்கி வையுங்கள். மணல் ஓரிரு நிமிஷத்தில் அடியில் தங்கும். வண்டல் சில மணி நேரத்தில் படியும். களி மறுநாள் வரை கலங்கியே நிற்கும். இன்னொரு சோதனை முறுக்கு மாவுப் பதம். ஈர மண்ணைத் திரித்து வளையமாக வளையுங்கள். விரியாமல் வளைந்தால் களி அதிகம். அதில் ஒரு பிடி மணலைக் கலந்தால் சரியாகிவிடும் என்று எண்ணாதீர்கள். காய்ந்ததும் அது சுவர் மாதிரி இறுகிவிடும். மக்கிய சாணமும் இலை உரமும் தாராளமாகச் சேருங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை செங்கல் பேரம் பேசும்போது, விலையோடு கூட, "மண் எடுத்த இடத்தை மூடினீர்களா?" என்றும் கேளுங்கள். மூடாத கிடங்கில் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும். ஆழம் தெரியாமல் குழந்தைகள் இறங்கிவிடுவார்கள். வாங்குகிறவர் நாலு பேர் கேட்டால், விற்கிறவர் ஐந்தாவது ஆளுக்குப் பதில் தயாராக வைத்திருப்பார். காய்கறிக்காரரிடம் கத்தரிக்காயைப் பிளந்து காட்டச் சொல்லும் உங்களுக்கு இது ஒரு பெரிய காரியமா?