சோடாப் புட்டியும் சரித்திரமும்

பழம்பொருள் என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியுமே நம் நினைவிற்கு வருகின்றன. பழைய சோடாப் புட்டியையும் பான விளம்பரத் தகட்டையும் ஒருவன் சேர்த்து வைப்பானாயின், அவனைக் கண்டு நகைப்போர் பலர். அந்நகைப்புப் பொருந்தாது என்பதே நமது துணிபு.

அயல்நாட்டார் இதனை வீண் விளையாட்டாகக் கருதவில்லை. 1886இல் அட்லாண்டா நகரில் முதன்முதல் விற்கப்பெற்ற கொக்கோ கோலாவின் பழைய தட்டுகளையும் நாட்காட்டிகளையும், 1915இல் வகுக்கப்பெற்ற வளைவுப் புட்டிகளையும் பெரும்பொருள் கொடுத்து வாங்குவோர் உளர். அந்நகரில் அதற்கெனக் காட்சிச்சாலையொன்றும் அமைந்துள்ளது. நம்மவர் தொழிலோ? அந்நாளில் விருதுபட்டி எனப்பெற்ற விருதுநகரில், 1916இல் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் இன்றும் நிலைத்துள்ளது. அவ்வாறு நிலையாது மறைந்த சிற்றூர்ச் சோடாக் கம்பெனிகளின் புட்டிகளும் பலகைகளும் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போகின்றன.

இவற்றால் அறியக்கிடப்பது யாது எனின், கூறுவோம். 1872இல் ஹைரம் காட் என்னும் ஆங்கிலேயர் வகுத்த கோலிப் புட்டியை நோக்குக. உள்ளடங்கிய வாயுவே கோலியை மேலே தள்ளி, கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு பொருத்தி வாயை அடைக்கின்றது. தக்கையும் வேண்டா, மூடியும் வேண்டா. குடித்தபின் புட்டி கடைக்கே மீளும். இன்று கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாகக் கல்வராயன் மலைக்கு ஏறி, மேகம், பெரியார் அருவிகளைக் காணச் செல்வோர் பிளாஸ்டிக் புட்டிகளை அங்கேயே எறிந்து மீள்கின்றனர். நம் பாட்டனார் திருப்பிக் கொடுத்த புட்டி, நமக்கொரு பாடமன்றோ?

தமிழ் மாணவர்க்கு வேறொரு பயனும் உண்டு. பழைய சோடாக் கடைப் பலகையொன்றில் 'விலை அணா' என்னும் இரு சொற்கள் இருப்பின், அவையே சிறியதொரு கல்வெட்டாம். 1957இல் தசம நாணயம் வந்தது, அணா வழக்கொழிந்தது. 1978இல் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை மேற்கொண்டது. லை, ணா என்பவற்றின் பழைய வடிவங்கள் நீங்கின. ஆகவே, அப்பலகை தன் காலத்தைத் தானே உரைக்கும்.

சர்க்கரை நீரை விற்ற வணிகரின் ஆரவாரத்தை ஏன் போற்ற வேண்டும் என வினவுவார் சிலர். பேணுவது வேறு, புகழ்வது வேறு. போர்வாளைக் காட்சிச்சாலையில் வைப்போர் போரை விரும்புகின்றனர் என எவரும் கூறார்.

எனினும், புட்டியை மட்டும் அடுக்கி வைப்பது சேகரிப்பு ஆகாது. எவ்வூரில் எவர் செய்தது, எந்தக் கடையில் விற்றது, விலை யாது என்பவற்றை முதியோரிடம் கேட்டு உடன் எழுதி வைத்தல் வேண்டும். புட்டி உடையினும் எழுத்து நிற்கும். கேட்பதற்குரிய முதியோரோ நாளுக்கு நாள் குறைகின்றனர்.

ஐயாயிரவர் உண்டபின் எஞ்சிய துணுக்குகளையும் வீணாக்காது பன்னிரண்டு கூடைகளில் சேர்ப்பித்தார் நம் ஆண்டவர். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவ நண்பர்கள் ஆளுக்கொரு புட்டியும் அதன் வரலாறும் கொணர்வாராயின், நம் கல்லூரி நூல்நிலையத்தில் ஓர் அலமாரி விரைவில் நிறையும். அதனை இவ்வாண்டே தொடங்குவோமாக.