கன்றுக்குரிய சீம்பால்

காங்கயம் பகுதிக் குடியானவர்கள் கொறங்காட்டை முள்வேலியிட்டுக் காப்பதிலும், பொலிகாளையைத் தெரிந்தெடுப்பதிலும் மிகுந்த சிரத்தையுடையவர்கள். எனினும், நஞ்சுக்கொடி விழும்வரை கன்றை மடியில் விடலாகாது என்னும் வழக்கம் சில பட்டிகளில் இன்னும் நீடிக்கிறது. இது பெருந்தவறாகும். கன்று ஊட்டுவதால் கருப்பை சுருங்கி, நஞ்சு விழுவதற்கு அனுகூலமே உண்டாகும்.

நோயைத் தடுக்கும் பொருள்கள் கருவிலுள்ள கன்றுக்குத் தாயின் இரத்தத்திலிருந்து செல்வதில்லை. சீம்பாலின் வழியாகவே கிடைக்கவேண்டும். பிறந்து 24 மணி நேரம் கழிந்தால் கன்றின் குடல் அவற்றை ஏற்காது.

சீம்பாலில் லாக்டோபெரின் என்னும் புரதமும் மிகுதி. 1960-ஆம் ஆண்டில் பசும்பாலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இச்செந்நிறப் பொருள் இரும்பைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. இரும்பு கிட்டாவிடில் கழிச்சலை உண்டாக்கும் கிருமிகள் பெருகுவது அரிது. இரத்தத்தின் வெள்ளையணுக்களிலும் இப்புரதம் உண்டு. அவ்வணுக்கள் கிருமியை விழுங்கி, பிராணவாயுவிலிருந்து உக்கிரமான பொருள்களை உண்டாக்கிக் கொல்கின்றன. அங்கே கட்டுப்படாத இரும்பு இருப்பின் அவ்வுக்கிரம் மிகுந்து, உடலின் சொந்தத் தசையையே அழிக்கும். லாக்டோபெரின் இரும்பைக் கட்டி அச்சேதத்தைக் குறைக்கிறது. பகைவனை எரிக்கும் தீ வீட்டுக் கூரையில் பற்றாமல் காப்பது போன்றது இது.

ஆகவே, பிறந்த 2 மணி நேரத்துக்குள் ஊட்டத் தொடங்கி, 20 கிலோ எடையுள்ள கன்றுக்கு முதல் நாளில் 2 லிட்டருக்குக் குறையாமல் சீம்பால் அளிக்கவேண்டும். மீந்ததையே வெல்லமிட்டுக் காய்ச்சலாம். காங்கயம் இனம் அருகிவரும் இக்காலத்தில், ஒரு கிடாரிக்கன்றின் இழப்பு ஒரு பசுவின் இழப்பேயாகும். கிராம அதிகாரிகள் இதனை ஊரார்க்கு எடுத்துரைத்தல் நலம்.