அழிவின் வரலாறு மட்டும் போதுமா?
இடைக்காலப் பௌத்த - இசுலாமியச் சிந்தனை உறவு குறித்து ஒரு மறுப்பு

பௌத்தம் பற்றித் தமிழில் எழுதப்படும் நூல்களிலும் ஆய்வேடுகளிலும் இடைக்காலப் பௌத்த - இசுலாமிய உறவு பெரும்பாலும் ஒரே தொடரில் முடிக்கப்பெறுகிறது. பக்தியார் கல்சி படையெடுத்தான், நாளந்தா எரிந்தது, பௌத்தம் அழிந்தது என்பதே அத்தொடர். இதற்கு மறுதலையாக, இரு சமயத்தாரும் என்றும் இணக்கமாகவே வாழ்ந்தனர் என்பாரும் உளர். இவ்விரு கூற்றுகளும் சான்றுகளை முழுமையாக நோக்காதவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அழிவு நிகழவில்லை என்று யாரும் கூறவியலாது. பீகாரில் ஒரு கோட்டை தாக்கப்பட்டதையும், அங்கிருந்த மழித்த தலையினர் கொல்லப்பட்டதையும், பெருந்தொகையான நூல்கள் கிடைத்ததையும் மின்ஹாஜ் 1260இல் முடித்த தபகாத்-இ-நாசிரி குறிப்பிடுகிறது. அவ்விடம் நாளந்தா அன்று, ஓதந்தபுரி என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. 1234-36இல் அப்பகுதிக்கு வந்த திபெத்தியத் துறவி தர்மசுவாமின், தொண்ணூறு வயதைக் கடந்த இராகுல சிறீபத்திரர் நாளந்தாவில் எழுபது மாணாக்கர்க்குப் பாடம் சொல்லியதைக் கண்டார். துருக்கப் படைவீரர் பற்றிய அச்சத்தையும் அவரே பதிவு செய்கிறார். இரண்டையும் சேர்த்துப் படிப்பதே முறை. ஒன்றை எடுத்து மற்றொன்றை விடுவது ஆய்வாகாது.

இனி, சிந்தனைப் பரிமாற்றத்திற்கு வருவோம். எட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆக்சசு ஆற்றங்கரைத் திர்மித் நகரோடு தொடர்புடைய சகும் இப்னு சஃப்வான் என்னும் இறையியலாளர், சுமனிய்யா எனப்பட்டோருடன் வாதிட்டதாக அகமது இப்னு அன்பல் (இறப்பு 855) பெயரால் வழங்கும் மறுப்பு நூல் கூறுகிறது. உன் இறைவனைக் கண்டாயா, கேட்டாயா, தொட்டாயா என அவர்கள் வினவினர். சகும் திகைத்தார், பின்னர், காணப்படாத உயிரை நீங்கள் ஒப்புகிறீர்கள் அல்லவா என எதிர்வினா எழுப்பினார். 'சிரமண' என்னும் வேர்ச்சொல்லே தமிழில் 'சமணர்' என வழங்கி ஆருகதரையும், அரபியில் 'சுமனிய்யா' என வழங்கிப் பெரும்பாலும் பௌத்தரையும் குறித்தது.

இங்கே தமிழறிஞர் கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு. பௌத்தத்திற்குக் காட்சி, கருத்து என அளவை இரண்டு என்று மணிமேகலை தெளிவாக வகுக்கிறது. நிலைத்த உயிர் ஒன்று உண்டு என்பதையும் பௌத்தம் ஏற்பதில்லை. அவ்வாறாயின், காட்சி ஒன்றையே நம்புவோராகவும் உயிரை ஒப்புவோராகவும் சுமனிய்யரை அந்நூல் காட்டுவது ஏன்? எதிர்வாதம் சுருக்கப்பட்டதா? அல்லது வாதிட்டோர் வேறு பிரிவினரா? மணிமேகலையைக் கற்றவர்க்கு இவ்வினாவை எழுப்பும் தகுதி இயல்பாகவே உண்டு. ஆயினும் நாம் எழுப்புவதில்லை.

மறுப்பு நூல்கள் பகைமையின் சான்றுகளே, பரிமாற்றத்தின் சான்றுகள் அல்ல என்று சிலர் கூறலாம். இது தமிழ் ஆய்வு மரபுக்கே முரணானது. குண்டலகேசி முழுமையாகக் கிடைக்கவில்லை. அதன் வாதங்களை அதனை மறுத்தெழுந்த நீலகேசியும் அதன் உரையும் வழியாகவே பெரிதும் அறிகிறோம். மறுப்பவன் எதிரியின் நூலைக் கற்றாக வேண்டும் என்பதை நீலகேசிக்கு ஏற்கும் நாம், பாக்தாதுக்கும் கொராசானுக்கும் மறுப்பது எவ்வகையில் பொருந்தும்?

மறுப்பு மட்டுமன்று. போதிசத்துவர் கதை அரபியில் 'பிலவ்கர்-யூதாசஃப்' ஆகி, சார்சிய, கிரேக்க மொழிகள் வழியே ஐரோப்பாவில் கிறித்தவப் புனிதர் கதையாயிற்று. சகரசுத்தானி (இறப்பு 1153) தம் சமயத் தொகுப்பில் புத்தரைக் கிதுருடன் ஒப்பிட்டார். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரசீதுத்தீன் தம் உலக வரலாற்றில் புத்தரின் வாழ்க்கையை எழுதியபோது, காசுமீரப் பௌத்தத் துறவி கமலசிறீயின் உதவியைப் பெற்றார். மறுபக்கத்தில், பதினோராம் நூற்றாண்டுக் காலசக்கர தந்திரம் இசுலாமிய இறைத்தூதர்களின் பெயர்களைப் பட்டியலிடுகிறது. பகைமையோடுதான், ஆனால் அறிந்து.

இணக்கவாதிகளும் இங்கே கவனிக்க வேண்டியது உண்டு. இரசீதுத்தீன் பணியாற்றிய அதே ஈல்கானிய அரசில்தான், கசான் 1295இல் இசுலாத்தைத் தழுவியபின் பௌத்தக் கோயில்கள் இடிக்கப்பட்டன. இந்தியச் சமயங்களை ஆழ்ந்து கற்ற அல்-பீரூனியும், ஏறத்தாழ 1030இல் எழுதிய தம் நூலில், பௌத்த நூல் எதுவும் தமக்குக் கிட்டவில்லை என ஒப்புகிறார். 'புத்' என்னும் பாரசீகச் சொல் புத்தர் பெயரிலிருந்து பிறந்து, உருவச்சிலை என்னும் பொருளில் நின்றுவிட்டது. அறிதலும் அழித்தலும் ஒரே காலத்தில், சில வேளைகளில் ஒரே அரசவையில் நிகழ்ந்தன. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்குவதில்லை.

அழிவை மட்டும் கற்பிக்கும் பாடம் இன்றைய பகைமைக்கு வரலாற்றுச் சான்றிதழ் வழங்குகிறது. இணக்கத்தை மட்டும் கற்பிக்கும் பாடமோ முதல் சான்றிலேயே உடைந்து, அப்பகைமைக்கே துணையாகிறது. தமிழகத்திற்கு வெளியே உள்ள பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் தமிழ், அரபு, பாரசீகம், பௌத்தவியல் ஆகிய துறைகள் ஒரே வளாகத்தில் இயங்குகின்றன. மணிமேகலையின் அளவையியலையும் அரபு இறையியலின் சுமனிய்யர் பகுதிகளையும் ஒப்பிட்டு ஆராய இதனினும் ஏற்ற களம் வேறில்லை. அவ்வாய்வைத் தொடங்காமல் நாளந்தாவின் நெருப்பைப் பற்றி மட்டும் எழுதிக்கொண்டிருப்பது, எரியாமல் எஞ்சிய நூல்களை நாமே படிக்காமல் விடுவதாகும்.