சுலபம் என்பது எது?

விண்டோஸ் சுலபமா, மாக்கின்டாஷ் சுலபமா, லினக்ஸ் சுலபமா என்று கம்ப்யூட்டர் பழகியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். தாய்வீட்டுச் சமையலைப் பற்றிப் பேசுவது போலவே பேசுவார்கள். அவரவர் உண்டு வளர்ந்ததே அவரவருக்கு ருசி.

சற்று நிதானித்து யோசித்தால் வேடிக்கையாக இருக்கும். 1995ல் வெளிவந்த விண்டோஸில் இயந்திரத்தை நிறுத்த விரும்பியவர், 'தொடங்கு' என்று பொருள்படும் ஸ்டார்ட் பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது. பழைய மாக்கின்டாஷிலோ, தகட்டை வெளியே எடுக்க, அதன் படத்தைக் குப்பைத் தொட்டிக்குள் இழுத்துப் போட வேண்டும்! இவ்விரண்டையும் லட்சக்கணக்கான ஜனங்கள் சுலபம் என்றே கொண்டாடினார்கள். 2012ல் விண்டோஸ் 8 அந்த ஸ்டார்ட் பொத்தானை நீக்கியபோது கிளம்பிய கூக்குரல் சாமானியமானதன்று. மறுவருஷமே பொத்தான் திரும்பி வந்தது. ஆகவே, நாம் சுலபம் என்று சொல்வதில் பெரும்பகுதி பழக்கமே.

இதை நாம் ஆராய நேர்ந்தது பொழுதுபோக்குக்காக அல்ல. 2025 அக்டோபர் 14ந் தேதியுடன் விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு முடிவடைந்தது. சுமார் 2018க்கு முற்பட்ட இயந்திரங்களில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. நாம் பணியாற்றும் பள்ளியிலுள்ள 12 இயந்திரங்களும் அவ்விதம் தள்ளுபடியானவை. பழுதில்லாத அவற்றைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடலாம் என்று நிர்வாகிகள் அபிப்பிராயப்பட்டார்கள். "லினக்ஸ் நமக்குச் சரிப்படாது" என்பதே அனைவரும் சொன்ன காரணம்.

ஒரு பரீட்சை நடத்தினோம். தமிழில் அரைப்பக்கக் கடிதம் எழுதிச் சேமிக்க வேண்டும். கம்ப்யூட்டரை அதுவரை தொட்டறியாத ஆறாம் வகுப்புக் குழந்தைகள், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடித்தார்கள். திண்டாடியவர்கள் ஆசிரியர்களாகிய நாமே! இருபது வருஷப் பழக்கம், இல்லாத இடத்தில் பொத்தானைத் தேடச் செய்தது.

லினக்ஸின் குறையையும் மறைப்பது நியாயமாகாது. அச்சியந்திரத்தை அது அடையாளம் கண்டுகொள்ளாமல் ஒரு பிற்பகல் முழுவதும் வீணாயிற்று. விண்டோஸில் இத்தகைய சங்கடம் நேர்ந்தால் தெருவில் யாரையேனும் அழைத்துக் கேட்கலாம். லினக்ஸ் அறிந்தவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். மாக்கின்டாஷில் இயந்திரத்தையும் இயங்குதளத்தையும் ஒரே கம்பெனி தயாரிப்பதால் தொல்லை குறைவு. ஆனால் அதன் விலை நம் பள்ளிக்கு எட்டாது. சுலபத்தின் மற்றொரு பகுதி, கேட்டால் சொல்லிக் கொடுக்கப் பக்கத்தில் ஒருவர் இருப்பதே என்று அன்று தெளிந்தோம்.

பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நேயர்களுக்கு ஒரு யோசனை. லினக்ஸை ஒரு பென்டிரைவில் ஏற்றி, உள்ளே இருப்பதைத் தொடாமலே இயக்கிப் பார்க்கலாம். உங்கள் அச்சியந்திரம், தமிழ்த் தட்டச்சு, அன்றாட அலுவல்கள் யாவற்றையும் சோதித்துவிட்டுப் பிறகு தீர்மானம் செய்யுங்கள். தீர்மானிப்பதற்கு முன் வீட்டுக் குழந்தை ஒன்றையும் அதன் முன் உட்கார வையுங்கள்.

எங்கள் பள்ளியின் 12 இயந்திரங்களும் இரும்புக்கடைக்குப் போகவில்லை. ஆறாம் வகுப்புக் குழந்தைகள் இப்போது ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்தி வருகிறார்கள்.